பாவாயி சித்தியின் கைராசி

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லைங்க. ஆனா எனக்கு முன்னாடி பேசின ஐயா ஒரு வார்த்தை சொன்னாரு... "அறிவுங்கிறது பிறவியிலேயே வரணும்"னு. அவரோட வாதாட எனக்குத் தெரியாது. எங்க வீட்டுல நடந்த ஒரு சின்னக் கதை இருக்கு. அதை மட்டும் சொல்லிடறேன்... கேட்பீங்களா?

எங்க சித்தி பேரு பாவாயி. நாமக்கல் பக்கத்துல, கோழிக்குஞ்சு பொரிக்கிற ஒரு ஹேச்சரியில வேலைக்குச் சேர்ந்தாங்க. என்ன வேலை? அன்னைக்குப் பொரிச்ச குஞ்சைக் கையில எடுத்து, இறக்கையைப் பிரிச்சுப் பார்த்து, இது பெட்டை... இது சேவல்... னு பிரிக்கணும். பெட்டை முட்டைப் பண்ணைக்குப் போகும். சேவல், சந்தையில சாயம் பூசி விக்கிறாங்களே, அங்க போகும். பெட்டைக்கு இறகு ஒரு வரிசை நீளம், ஒரு வரிசை குட்டை. சேவலுக்கு ரெண்டும் சமம். கேட்கச் சுலபமா இருக்கில்ல? குஞ்சே எலுமிச்சம்பழம் அளவு. வித்தியாசம் அரிசி மூக்கு அளவு. மணிக்கு ஆயிரம் குஞ்சு பார்க்கணும்!

ஒண்ணரை மாசம் ஆச்சு. ஒரு பண்ணைக்காரர் போன் பண்ணாரு.

"ஏனுங்க, நான் முட்டைக்குத்தானுங்க குஞ்சு வாங்கினேன்? பாதிக்குப் பாதி கொண்டை சிவந்து கூவிப் பழகுதுங்களே! இனி முட்டையை நான்தான் போடணுமா?"

சூப்பர்வைசர் தங்கவேலு நேரா சித்திகிட்ட வந்தாரு.

"எந்திரி பாவாயி. இதெல்லாம் கைராசி. பழனியம்மாவைப் பாரு, பதினெட்டு வருஷமா பிரிக்கிறா. பொறக்கும்போதே விரல்ல கண்ணோட பொறந்தவ. உங்கப்பனும் ஆடு மேய்ச்சான், உன் பாட்டனும் ஆடு மேய்ச்சான்... உனக்கு எங்கிருந்து வரும்? போ, குஞ்சு பொரிக்கிற தட்டுக் கழுவு."

அந்த இடம் போச்சு. மருந்துத் தண்ணியில கை வெந்துபோற வேலை வந்துச்சு. சித்தி அழலை. ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"அண்ணா, கழிச்சுப் போடற சோனிக் குஞ்சை நான் எடுத்துக்கட்டுங்களா?"

ஆண் பெண் பார்க்காமலே தூக்கிப் போடற குஞ்சுங்க அது. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொண்ணா இறக்கையைப் பார்த்து, பெட்டைன்னு தோணினா சிவப்பு நூல், சேவல்னு தோணினா கறுப்பு நூல், காலுல கட்டிவிட்டாங்க. சித்தப்பா விழுந்து விழுந்து சிரிச்சாரு.

"ஏ புள்ள, கோழிக்கெல்லாம் காப்புக் கட்டிட்டியே... மாரியம்மன் பண்டிகை என்னைக்கு?"

ஆறு வாரம் போச்சு. பிழைச்சது இருபது. அதுல ஒன்பது தப்பு! சிவப்பு நூல் கட்டினது கூவுது. கறுப்பு நூல் கட்டினது கொண்டையில்லாம அடக்கமா நிக்குது.

விட்டாங்களா? விடலை. அடுத்த குஞ்சுகள்ல பாதியை இறக்கையை இழுத்துப் பிடிச்சுப் பார்த்தாங்க, பாதியை லேசா விட்டுப் பிடிச்சுப் பார்த்தாங்க. இழுத்துப் பார்த்ததுக்கு இடது காலுல நூல், விட்டுப் பார்த்ததுக்கு வலது காலுல நூல். வளர்ந்ததும் என்ன தெரிஞ்சுது? தப்பெல்லாம் இடது காலுல! இத்தனை நாள் இறக்கையை இழுத்ததுதான் கண்ணை ஏமாத்தியிருக்கு. அடுத்த தடவை ரெண்டு தப்பு. அதுக்கடுத்து... ஒண்ணுமில்லை.

ஒரு நாள் பழனியம்மாவுக்கு அம்மை போட்டிருச்சு. எட்டாயிரம் குஞ்சு காத்துக்கிட்டு இருக்கு. மறுநாள் ஆனா இறகு வளர்ந்து வித்தியாசமே தெரியாது. வாசல்ல வேன் நிக்குது. தங்கவேலு நாலு ஊருக்குப் போன் போட்டாரு, ஆள் கிடைக்கலை. சித்தி முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு வந்தாங்க.

"நான் உட்காரட்டுங்களா?"

"தப்பாச்சுன்னா தட்டுக் கழுவவும் வர வேண்டாம், பார்த்துக்க!"

"சரிங்கண்ணா."

உட்கார்ந்தாங்க. எட்டு மணி நேரம். தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்கலை.

ஆனா அன்னைக்கே விடை தெரியாது பாருங்க... ஒண்ணரை மாசம் போகணும். ஆபீஸ்ல போன் அடிக்கும்போதெல்லாம் சித்தி கை வேலையை விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பாங்க. கடைசியில அந்தப் போன் வந்துச்சு. அதே பண்ணைக்காரர்!

"இந்தத் தடவை பிரிச்சது யாருங்க? மூவாயிரத்துல தேடித் தேடிப் பார்த்துட்டேன்... பன்னெண்டே சேவல்தான். இனிமே எனக்கு அந்தம்மாவே பிரிக்கட்டும்."

தங்கவேலு எல்லார் முன்னாடியும் சொன்னாரு, "அடேங்கப்பா! பாவாயிக்கும் கைராசி இருந்திருக்கு பாருங்க, நமக்குத்தான் தெரியலை!"

அதிர்ந்து பேசாத எங்க சித்தி நிமிர்ந்து நின்னாங்க.

"ராசி இல்லீங்கண்ணா. நூறு குஞ்சு வளர்த்தேன். இருபது தப்பு. எந்தத் தப்பை வேணும்னாலும் கேளுங்க, ஏன் வந்துச்சுன்னு சொல்றேன்."

அப்போ பழனியம்மா வாயைத் திறந்தாங்க.

"பதினெட்டு வருஷமா என்னைக் கைராசிக்காரி, கைராசிக்காரிங்கிறீங்க. பழகின காலத்துல எத்தனை குஞ்சைத் தப்பாப் போட்டேன், எத்தனை நாள் கக்கூசுல நின்னு அழுதேன்னு... ஒருத்தராவது கேட்டீங்களா?"

கவனிச்சீங்களா? வேலை வராதவளைப் பார்த்து "ரத்தத்துல இல்லை"ன்னாங்க. வந்தவளைப் பார்த்து "ரத்தத்துல இருக்கு"ன்னாங்க. ரெண்டு பேச்சுலயும் காணாமப் போனது என்ன? அந்த ரெண்டு பொம்பளைங்க பட்ட பாடு!

அப்போ பிறக்கும்போது நம்மகிட்ட எதுவுமே இல்லையா? இருக்கு. பார்க்கக் கண்ணு இருக்கு, தொட விரல் இருக்கு, தெரிஞ்சுக்கணும்கிற தவிப்பு இருக்கு. அது அந்த ஐயா வீட்டுப் பிள்ளைக்கும் இருக்கு, ஆடு மேய்ச்சவர் பேத்திக்கும் இருக்கு. மத்ததெல்லாம் பட்டுத் தெரிஞ்சுக்கிறதுதான்.

காலேஜுல முதல் வருஷம் வந்து உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கச்சிகளே... எங்க வீட்டுல முதல்ல பட்டம் வாங்கினவ நான். உங்கள்ல பாதிப் பேர் உங்க வீட்டுக்கு முதல் ஆளு, எனக்குத் தெரியும். இன்னைக்கு ஒருத்தர் "உனக்கு வராது"ம்பாரு. அதை நம்ப மாட்டீங்க, நீங்க ரோஷக்காரங்க. ஆனா நாளைக்கு நீங்க ஜெயிச்சு நிக்கும்போது அதே ஆளு வந்து, "நீ பிறவி அறிவாளி"ம்பாரு. இனிக்கும். மயங்கிடாதீங்க! ராத்திரி பகலா நீங்க பட்டுப் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை, யாரோ கொடுத்த வரம்னு தாரை வார்த்துடாதீங்க. தலை நிமிர்ந்து சொல்லுங்க... "இது நான் கத்துக்கிட்டது."