மஞ்சத் துணி

அந்தப் பக்கம் வெயில் அடிக்குது சார், நாற்காலிய இப்படித் திருப்பிப் போட்டு உக்காருங்க. ஆங், அப்படி. டீய ஆறவிடாதீங்க. ரன்வே எங்கயும் ஓடிப் போயிடாது.

வரலாறு கேட்டீங்கல்ல? சண்டைக் காலத்துல போட்டது. எங்க மாமனாரோட அப்பா இதுக்கு மண்ணு சொமந்திருக்காரு. சண்டை முடிஞ்சதும் பட்டாளம் மூட்ட முடிச்சக் கட்டிருச்சு. அப்புறம் பயிருக்கு மருந்தடிக்கிற ப்ளேன் வந்துச்சு. அது கெளம்புனா காயப்போட்ட துணிய அள்ளிக்கிட்டு உள்ள ஓடணும், அப்படி ஒரு நாத்தம். அதுக்குப் பெறகு பணக்காரப் புள்ளைங்க கிளப்பு. கறுப்புக் கண்ணாடி என்ன, தொப்பி என்ன! பறந்தத விட பக்கத்துல நின்னு போட்டோ எடுத்ததுதான் ஜாஸ்தி. இருந்த ஒரு ப்ளேனையும் வாய்க்கால்ல எறக்கிட்டாங்க, அதோட கிளப்புக்கு மங்களம் பாடியாச்சு.

இப்பவா? இப்ப என்ன, நான் புல்லு வெட்டுறேன். காத்து எந்தப் பக்கம்னு காட்டுற அந்தத் துணிப்பைய எங்க வீட்டுக்காரர் பாத்துக்கிறாரு. கார் பழகுறவங்க வராங்க. ப்ளேன் வருமான்னா... அதையே ஏன் சார் திருப்பித் திருப்பிக் கேக்குறீங்க?

தப்பா எடுத்துக்காதீங்க. வந்ததும் பறவை பாக்க வந்தேன்னீங்க. ஒரு கொக்கு உங்க மூக்குக்கு நேரா போச்சு, நீங்க தரையில விரிசலக் குத்திப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அப்புறம் ஜீப்புலேருந்து மஞ்சத் துணிய எறக்கி நடுப் பாதையில விரிச்சீங்க. எதுக்குன்னு கேட்டா, சும்மா ஒரு அடையாளத்துக்குங்கிறீங்க. நான் என்ன காதுல பூவா வச்சிருக்கேன்?

எனக்கு அந்தத் துணி தெரியும் சார். போன வருஷம் ஒருத்தர் வந்தாரு, உங்கள மாதிரியே நல்லாத்தான் பேசுனாரு. இதே மாதிரி பெருக்கல் குறியா விரிச்சு, மூலைக்கு ஒரு கல்லு வச்சாரு. மேலேருந்து பாக்குற பைலட்டுக்கு அதுக்கு ஒரே அர்த்தம்தான். மூடியாச்சு, எறங்காதே. அன்னைக்குன்னு ஆஸ்பத்திரி ப்ளேன் வந்து சுத்திச் சுத்திப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருச்சு. டிராக்டர் கவுந்து கால் நசுங்கிக் கெடந்தாரு எங்க பக்கத்து வீட்டுக்காரரு. ரோட்டு வழியா கொண்டு போனோம். பாதி வழியிலேயே போயிட்டாரு. அப்புறம் ஊரே தெரண்டு உங்க ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டுத்தான் மறுபடி தொறக்க வச்சோம். அதனாலதானே நீங்க பறவைக் கதையத் தூக்கிக்கிட்டு வந்தீங்க? தலையக் குனியாதீங்க, உங்க மேலதிகாரி சொன்னதச் செய்யறீங்க.

போனா? உள்ள சார்ஜ் ஏறுது. சார்ஜ் இல்லன்னு நீங்கதானே குடுத்தீங்க? தரேன், அதுக்குள்ள என்ன அவசரம்?

சத்தமா? பூனையெல்லாம் இல்ல சார். எம் பொண்ணு. அந்தக் கடைசி ஷெட்டுல படுக்க வச்சிருக்கோம், நர்ஸம்மா கூட இருக்காங்க. வயித்துல புள்ள குறுக்க கெடக்கு. ப்ளேனுக்குச் சொல்லிட்டு வெளிய வந்து நிக்கிறேன், நீங்க வந்து எறங்குறீங்க அந்தத் துணியோட. உங்ககிட்ட சொல்லியிருந்தா ஒரு போனப் போட்டு ப்ளேனத் திருப்பிவிட்டிருப்பீங்க. மாட்டீங்களா? இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? பெத்த வயிறு பத்திக்கிட்டு எரியுது, உங்களுக்கு உக்காந்து பட்டாளத்துக் கதை சொல்லிக்கிட்டு இருக்கேன். நீங்க விரிச்சத எங்க வீட்டுக்காரர் அப்பவே சுருட்டி எடுத்துட்டாரு. கிழிக்கல, பயப்படாதீங்க.

கேக்குதா? ஆமா, அதேதான், வந்துருச்சு. எழுந்திரிங்க தம்பி. ஸ்ட்ரெச்சருக்கு நாலு பேரு வேணும், நாங்க மூணு பேருதான். நீங்க தலைமாட்டுப் பக்கம் புடிங்க.