நாலு இருபதுக்கு ஏறும் தண்ணீர்

முகாமில் மின்சாரம் போன ராத்திரிகளில் ஒடுங்கி உட்கார்ந்து ஆளுக்கொரு பேய்க்கதை சொல்வோம். என் முறை வந்தபோது, தோழியின் கணவருக்கு நடந்தது என்று ஆரம்பித்தேன். பொய். அவர் என் கணவர்.

மாலை ஐந்தே முக்கால். கடலுக்குள் ஒரு மைல் நீளும் கல்பாதை... ஆள் அரவமில்லை. மூடுபனி. பாதையின் முனையில் ஒற்றை அறை. தண்ணீர் மட்டத்தை அளந்து ஒலிபெருக்கியில் அறிவிப்பது அவர் வேலை. அந்தக் குரல் ஊருக்கே பழக்கம். யார் கேட்டாலும் தண்ணீர் ஏறும் நேரத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எங்கோ ஒரு படகு தரைதட்டும்.

வாசலில் ஒருவன் சொட்டச் சொட்ட நின்றான்.

"அண்ணே, விடியக்காலம் தண்ணி எப்ப ஏறும்?"

மீன் பிடிக்கிறவன் என்று நினைத்தார். "நாலு இருபது. பன்னண்டு அடி."

அவன் கடல் பக்கம் திரும்பி அதையே சொன்னான். பனிக்குள் இன்னொரு குரல் அதைத் திருப்பிச் சொன்னது. அதற்கப்பால் இன்னொன்று... பிறகு புரியாத பாஷையில்... நிற்க இடமே இல்லாத ஆழத்திலிருந்து. முதல் குரலுக்குப் பின்னால் மோட்டார் உறுமியது. அதற்கப்பால் பாய்கள் படபடத்தன. இன்னும் தள்ளித் துடுப்புகள்... ஒரு குதிரையின் கனைப்பு. ஈரத்தோல் வாடை, துரு வாடை. இந்த நீரிணையைத் தாண்டி வந்த படைகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார். அத்தனையும் வரிசையில் நின்றன.

"இல்லப்பா! தப்பாச் சொல்லிட்டேன்! ஏழு மணிக்குத்தான்!" என்று கத்தினார்.

அவன் குரல் காதோரம், சாந்தமாக:

"பரவால்லண்ணே. ஒவ்வொரு தடவையும் இங்க ஒருத்தர் கடைசியில இப்படித்தான் மாத்திச் சொல்வாரு."

ஓடிப்போய் நடந்ததைச் சொன்னார். துறைமுக அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். "பேய்க்குத்தான் கால் தரையில படாதே... அதுக்கு எதுக்குய்யா ஆழம்?"

அக்கம்பக்கத்தார் சிலர் மட்டும் நம்பினார்கள். ஊரைவிட்டுத் தப்பிக்க அன்றிரவே எல்லோருமாக ஒரு லாரியில் ஏறினோம்.

நாலு இருபதுக்கு மலைப்பாதை வளைவில் லாரி நின்றது. கீழே கடல் முழுக்கக் கருத்த படகுகள். அவற்றுக்கு முன்னால் ஒரு குரல் வழி சொல்லிக்கொண்டே வந்தது.

"பத்தடி... பதினோரடி... வலப்பக்கம் ஒதுங்கு..."

ஒரு படகுகூடத் தரைதட்டவில்லை.

என் கணவரின் குரல். அவரோ வாயை இறுக மூடியபடி என் பக்கத்தில் இருந்தார். அவர் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது.

"நான் இங்கதானே இருக்கேன்?" என்றார்.

"இங்கதான் இருக்கீங்க."

லாரியில் எல்லாரும் திரும்பினார்கள்.

"எவ்வளவுக்குய்யா எங்கள வித்த?"

"ஐயோ, கண்ணைத் திறந்து பாருங்க! அவரு இங்க இருக்காரு, குரல் அங்கேருந்து வருது!" என்று கதறினேன். எதிரில் இருந்த மனிதரைவிடக் காதில் விழுந்த குரலைத்தான் நம்பினார்கள். அவரை இறக்கினார்கள். என்னை நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். இருக்கைக்கு அடியிலிருந்து இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் இறங்கினார்.

ஒரு சத்தம்... இன்னொன்று...

கீழே கடலில் அந்தக் குரல் தடுமாறவே இல்லை. "பன்னண்டு அடி... நேரா வாங்க."

அங்கே நிறுத்தினேன். முகாமின் இருட்டில் ஆளாளுக்கு என்னை உலுக்கினார்கள். "அப்புறம்? அப்புறம் என்னாச்சுக்கா?"

என் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தவர் மட்டும் அப்புறம் என்னாச்சு என்று கேட்கவில்லை. அந்த லாரியை ஓட்டியவர் அவர்தான்.