விதியைத் தளர்த்தாமல் எங்களை இறுக்கியவருக்கு

பள்ளிகொண்டா நெடுஞ்சாலையோரம் நம் கல்லூரி எழுந்த நாள் முதல் வேதியியல் ஆசிரியராய், பின்னர் முதுகலைப் படிப்புகளின் தலைவராய் விளங்கி, மாணவரை அஞ்சவும் ஆசிரியரை அலறவும் வைத்த அம்மையே! அறைக் கதவைச் சாத்தி அறியாதவரே! எங்கள் சாக்குப்போக்குகளை முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றைக்கூட ஏற்காதவரே! முனைவர் அஃப்ஸர் ஜஹான் அவர்களே! வணக்கம்.

ஓய்வு பெறுவோரின் பொறுமையைப் போற்றுவது மரபு. இத்தனை ஆண்டுகளும் பொறுமை எங்களிடம்தான் இருந்தது. ஆகவே நடந்ததையே சொல்லிவிடுகிறோம்.

ஒரு பருவத்தில் சராசரி ஐம்பதுக்குக் கீழே இறங்கிய முதுகலை மாணவர் அடுத்த பருவம் முழுதும் கண்காணிப்பில் இருப்பார். அப்போதும் ஏறாவிட்டால் பெயர் நீக்கப்படும். இந்த விதியைத் தாங்கள் ஒப்பித்த அளவுக்கு நாங்கள் எங்கள் பாடங்களைக்கூட ஒப்பித்ததில்லை. தோல் ஏற்றுமதியாளர் ஒருவர் மகனுக்காகச் சிபாரிசோடு காரில் வந்திறங்கினார். தேநீர் கொடுத்தீர்கள், விதியையும் படித்துக் காட்டி அனுப்பினீர்கள். அன்று உங்களை மெச்சினோம். ஹஃப்ஸாவின் முறை வந்தபோதுதான் எங்களுக்குக் கோபம் வந்தது.

ஆம்பூர் ஹஃப்ஸா இரண்டாம் பருவத்தில் பிள்ளை பெற்றாள். பாதித் தேர்வுகளை எழுதவில்லை. சராசரி சரிந்து கண்காணிப்புக்கு வந்தாள். மூன்றாம் பருவத்தில் நாங்களே திருத்தும் அகத்தேர்விலும் தடுமாறினாள். இனியொரு சறுக்கல் என்றால் படிப்பே போய்விடும். வகுப்பில் எங்களைக் கேள்வி கேட்டே திணறடித்த பெண் அவள். மனம் கேட்கவில்லை. கூடிப் பேசி ஆளுக்குச் சில மதிப்பெண்களைக் கூட்டிப் போட்டோம்.

மறுநாளே எங்களை அழைத்தீர்கள். கூட்டிய அத்தனையும் சிவப்பு மையில் அடிபட்டுக் கிடந்தன.

"இன்னா சார் இது? படிச்சிருக்கான்னு போட்டீங்களா, பாவம்னு போட்டீங்களா?"

"கைக்குழந்தை மேடம்," என்றார் எங்களில் மூத்தவரான முனிரத்தினம். "விதியைக் கொஞ்சம் தளர்த்தக் கூடாதா?"

"விதியைத் தளர்த்த மாட்டேன் சார். உங்கள இறுக்குறேன்."

அதே விதியின் பின்பாதியைப் படித்தீர்கள். கண்காணிப்பில் உள்ள மாணவருக்குத் துறையே தனி வகுப்பு நடத்த வேண்டுமாம்! அந்த விதித்தாளில் ஆண்டுதோறும் கையெழுத்திட்ட எங்களில் ஒருவரும் அதுவரை படித்ததில்லை. ஞாயிறு காலை ஏழு மணி என்று அறிவித்தீர்கள்.

"ஏழு மணிக்கா? புள்ள தூங்கறதே அஞ்சு மணிக்குத்தான் மேடம்!" என்று செய்தி கேட்டு ஓடிவந்து பதறினாள் ஹஃப்ஸா.

"அப்ப தூங்காமயே வா."

அம்மையே, அந்த ஞாயிறுகளை எப்படி மறப்போம்! முகூர்த்தப் புடவை எடுக்க வேலூர் லாங் பஜாரில் காத்திருந்த பெண்வீட்டாரிடம், "பேஜாராப் போச்சுங்க, எனக்குக் கிளாஸ் இருக்குது" என்று தொலைபேசியில் கெஞ்சினார் எங்களில் கல்யாண மாப்பிள்ளையான சூரியபிரகாஷ். மேல்விஷாரத்திலிருந்து பேருந்தில் வந்து சேர்ந்தவர்களுக்குக் காலை உணவு கிடையாது. ஹஃப்ஸாவின் கணவர் ஃபஹீம் ஷூ கம்பெனியில் வாரம் முழுக்க உழைத்துவிட்டு, விடுமுறையன்று மனைவியையும் பிள்ளையையும் வண்டியில் கொண்டுவந்து விட்டார். பால் வாங்க அவர் போன நேரங்களில் தாழ்வாரத்தில் குழந்தையைச் சுமந்தவர் முனிரத்தினம். அவர் சட்டைகளின் கதியை இச்சபையில் விவரிக்க இயலாது.

அவரே ஒருநாள் ஃபஹீமிடம் கேட்டார். "ஏம்பா, இந்த வருஷம் நிறுத்திட்டு அடுத்த வருஷம் படிக்கச் சொல்லக் கூடாதா?"

"வீட்ல இருந்தா என்னைக் கேள்வி கேட்டே கொன்னுடுவா சார். நீங்களே வெச்சுக்கோங்க," என்று சிரித்தார் அவர். மனைவியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். ஹஃப்ஸா முறைத்தாள்; அன்றைக்குப் பாடம் நன்றாகவே ஓடியது.

பருவத் தேர்வின் விடைத்தாள்கள் வெளியூரில் திருத்தப்பட்டன. எங்கள் இரக்கம் அங்கே எட்டாது. முடிவு வரும்வரை நாங்கள் தூங்கவில்லை. தாங்களும் தூங்கவில்லை என்பது கண்களில் தெரிந்தது. சென்ற செவ்வாயன்று வந்தது. ஹஃப்ஸா தேறினாள். எவர் தயவுமின்றிக் கண்காணிப்பிலிருந்து வெளியே வந்தாள்.

ஆசிரியர் அறைக்குள் வந்தவள் நன்றிகூடச் சொல்லவில்லை. பழக்கதோஷத்தில் பிள்ளையை முனிரத்தினத்தின் கையில் திணித்தாள்.

"கடைசி செமஸ்டருக்கும் ஞாயித்துக்கெழம கிளாஸ் உண்டா? மேடம் போய்ட்டா யார் எடுப்பீங்க?"

தாங்கள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

எங்களில் மிக அதிகமாய் முணுமுணுத்த சூரியபிரகாஷ்தான் வாய் திறந்தார்.

"ஏழு மணிக்கு வந்துடு. லேட்டா வந்தா கதவைச் சாத்திடுவேன்."

அம்மையே! எங்கள் தூக்கத்தைக் கெடுத்தவரே! நோய் நொடியின்றி, பேரப்பிள்ளைகளும் அஞ்சும் குரலோடு, இறையருளால் நெடுநாள் வாழ்க! வரும் ஞாயிறு காலை நாங்கள் வகுப்பில் இருப்போம். வீட்டில் நிம்மதியாக உறங்குங்கள். நடக்கிறதா என்று எட்டிப் பார்க்க வராதீர்கள். மீறி வந்தால் குழந்தை தங்கள் பொறுப்பு. முனிரத்தினத்திடம் இனி மாற்றுச் சட்டை இல்லை.

சலிப்போடும் தீராத அன்போடும்,
முதுகலைத் துறைகளின் ஆசிரியர்கள், அலுவலர்கள்