கீறல் விழாத ஜீப்

இப்போதெல்லாம் யாருக்கும் வழி ஒதுங்கத் தெரியவில்லை. பின்னால் நின்று ஹாரன் அடித்தால், காதில் எதையோ செருகிக்கொண்டு நடுப்பாதையில் நடக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாகர்கோவிலில் இருந்தும் திருவனந்தபுரத்தில் இருந்தும் பையன்கள் புது ஜீப்பில் எங்கள் மலையடிவாரத்துக்கு வந்துவிடுகிறார்கள். கொம்பும் முள்ளும் கிழிக்கக் கிழிக்கக் காட்டுப் பாதையில் ஓட்டி, சேற்றில் இறக்கி, படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கதவைப் பார்த்தால் பூனை பிராண்டிய மாதிரி இருக்கும். ஒருவனிடம் கேட்டேன். கீறல் இருந்தால்தான் கெத்து என்றான். அப்பன் காசில் வாங்கியது, அவனுக்கு எங்கே வலிக்கும்.

என் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

என் பெயர் நேசையன். திருவட்டாற்றுக்கு வடக்கே மலைச்சரிவில் ஒரு துண்டு ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறேன். வீடு கீழே, தோட்டம் மேலே. ஜீப் என்னுடையதல்ல, குவைத்தில் இருக்கும் என் மகன் எட்சனுடையது. கருநீலம். கழுவி நிறுத்தினால் முகம் தெரியும். லீவில் வரும்போது முதலில் என் முகத்தைப் பார்க்கமாட்டான். போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவான். நான் பரீட்சைத்தாள் கொடுத்த பையனைப் போல ஓரமாக நிற்பேன்.

போன தடவை கதவின் கைப்பிடிக்குக் கீழே மயிர்க்கோடு போல, பிறகு பாலிஷில் போய்விட்ட ஒன்றைக் கண்டுபிடித்தான்.

"இது எந்தாப்பா?"

"எனக்க மோதிரமா இருக்கும் மக்கா."

"தோட்டத்துக்குக் கொண்டு போனியளா? ஷிஜினுக்க ஜீப்ப விளிச்சுக்கிடுங்கன்னு சொல்லியிருக்கேன்லா? உங்கள நம்பி ஒரு சாமானத்த விட்டுட்டுப் போவ முடியாது."

நான் வாழ்நாளில் யாரையும் நம்பினவன் அல்ல. ஆனால் என்னை நம்ப முடியாது என்று ஒருவன், அதுவும் நான் பெற்றவன், சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

ஷிஜின் எங்கள் சபைப் பையன். பழைய ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டு தோட்டங்களுக்கு ஆளும் சாமானும் ஏற்றுகிறவன். அந்த வண்டியில் கீறல் இல்லாத இடம் இல்லை. அதில் என் ரப்பர் ஷீட்டை ஏற்றினால் வேறு யாருடைய ஷீட்டோடாவது கலந்துவிடுவான். வேண்டுமென்று செய்யமாட்டான், ஆனால் செய்வான். ஆகையால் நானே ஓட்டினேன்.

தோட்டத்துக்குப் போகிற பாதை ஒரு ஜீப் அகலம்தான். வலது பக்கம் வெட்டுமண் திட்டு. அதன் மேல் வேறு ஆளுடைய கொல்லாமரங்கள், அதாவது முந்திரி, கிளையெல்லாம் பாதைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். வெட்டினால் கேஸ் போடுவான். இடது பக்கம் சரிவு, அதன் அடியில் பாறை ஓடை. முதலில் கதவில் சாக்கு கட்டிப் பார்த்தேன். சாக்குக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மண் புகுந்து, அது தனியாகத் தேய்த்தது. இறங்கி நடந்து கிளைகளைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினேன், திரும்பி வருவதற்குள் கயிற்றை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். நாகர்கோவிலில் கண்ணாடி போல ஒரு தாளை வண்டி முழுக்க ஒட்டிக் கொடுப்பார்களாம். அந்தக் கடைக்காரன் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டு வந்தால் உள்ளே இருக்கிற சாமானெல்லாம் மாறிவிடும். அது வேண்டாம் என்று விட்டேன்.

பிறகுதான் ரப்பர்ப் பால் நினைவுக்கு வந்தது. உறையாமல் இருக்க அமோனியா ஊற்றின பால். முதலில் கதவில் தேங்காயெண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. அதன் மேல் பாலை பிரஷில் தொட்டு இரண்டு தடவை பூச்சு. வெயிலில் காய்ந்தால் ஒரு தோல் பிடிக்கும். இலையும் சிறு கொம்பும் அந்தத் தோலில் உரசிவிட்டுப் போகும். வீட்டுக்கு வந்து ஒரு மூலையில் நகத்தால் நெம்பி இழுத்தால் காய்ச்சின பாலில் ஆடை எடுக்கிற மாதிரி முழுசாகக் கையோடு வரும். அடியில் பெயிண்ட் அப்படியே இருக்கும். உரித்த தோலை ஒட்டுப்பால் சாக்கில் போட்டுவிடுவேன். மரத்தில் கட்டின சிரட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் கழிவுப் பாலைத்தான் ஒட்டுப்பால் என்போம். வியாபாரி எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவான்.

இதைக் கொல்லைப்புற ஷெட்டில் வைத்துத்தான் செய்வேன். தெரிந்தவன் முருகதாஸ் ஒருவன்தான். என் மரங்களில் பால் வெட்டுகிறவன், வீடு பக்கத்து ஊர். பூசுவதற்கு அவனைத்தான் கூப்பிடுவேன்.

"பாட்டா, கல்யாணப் பொண்ணுக்கு மஞ்சள் தேய்க்கது போலல்லா தேய்க்கிய."

"வாய மூடிட்டு மற்றப் பக்கத்தப் பூசுலே."

"எட்சன் அண்ணனுக்குச் சின்னதுல இப்படி ஒரு நாளாவது எண்ணெய் தேய்ச்சு விட்டிருக்கியளா?"

அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் வேலைக்காரன். மரத்தில் காயம் படாமல் வெட்டுவான். ஒரு நாள் மட்டும் பாதையில் வழுக்கி ஒரு வாளிப் பாலைக் கொட்டிவிட்டான். சிந்தினது உனக்க அப்பனுக்க பாலாலே, என்று நாலு பேர் கேட்க ஏசினேன். அதற்குப் பிறகு இரண்டு கையிலும் வாளியைத் தூக்கினால் எதிரே பாம்பு வந்தாலும் தரையில் வைக்கமாட்டான். இப்படித்தான் ஆட்களைப் பழக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். முந்தின சாயங்காலம் மழை. செம்மண் குழைந்து கிடந்தது. காலையில் உரச்சாக்கை ஏற்றிக்கொண்டு மேலே போனேன். பாதி ஏற்றத்தில் வலது பக்கம் கொல்லாங்கிளை ஒன்று முறிந்து, முனை ஈட்டி போலப் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. இலைக்குத்தான் ரப்பர்த் தோல் தாங்கும். அந்த முனைக்குத் தாங்காது. தோலையும் கிழித்து, பெயிண்டையும் கிழித்து, தகரத்தில் இறங்கும். இடது ஓரத்தில் முருகதாஸ் வந்துகொண்டிருந்தான், இரண்டு கையிலும் நிறைந்த வாளிகள்.

நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஓட்டத் தெரிந்தவன் கேட்கமாட்டான். பாதை வலது பக்கம் சாய்ந்து கிடந்தது. ஏற்றத்தில் பிரேக்கில் கால் வைத்தால் வண்டி வலப்புறமாகச் சறுக்கும். முனை நேரே கதவில். ஆகையால் ஹாரன் அடித்தேன். அவன் ஒதுங்க வேண்டியது. வாளிகளைப் போட்டுவிட்டுச் சரிவில் ஒரு அடி இறங்கியிருந்தால் போதும். அவன் வாளிகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஓரத்தில் ஒட்டி நின்றான். நான் இடது பக்கம் ஒடித்தேன். மெதுவாகத்தான். முனைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம் விட்டுப் போனேன்.

"பாட்டா, பால், பால்" என்றான்.

தன்னைச் சொல்லவில்லை, பாலைச் சொன்னான். கதவு அவன் நெஞ்சைத் தள்ளியது எனக்கு ஸ்டியரிங்கில் தெரிந்தது. வாளி கவிழ்ந்து கண்ணாடி முழுக்க வெள்ளையாக வழிந்தது. பிறகு அந்தப் பக்கத்தில் எடை இல்லை.

மேலே அகலம் கிடைத்த இடத்தில் நிறுத்தி இறங்கினேன். வலது கதவைக் கையால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் ஓடைப் பக்கம் காது கொடுத்தேன். அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பாட்டா, கால் அனங்கல்ல, அசைக்க முடியல்ல, என்றான். தெளிவான குரல். தெளிவாகப் பேசுகிறவனுக்கு ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொண்டேன். என் வயதுக்கு அந்தச் சரிவில் இறங்க முடியாது. இறங்கினாலும் தூக்க முடியாது. ஆளைக் கூட்டிவந்தால் கேள்வி வரும், போலீஸ் வரும், குவைத்துக்குப் போன் போகும். மற்றத் தோட்டத்து ஆட்கள் அந்த வழியாகத்தான் இறங்குவார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அன்றைக்கு அவர்கள் மழை என்று வேலைக்கே வரவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? முருகதாஸ் ஒருவன்தான் மழை என்று பார்க்காமல் வெட்ட வந்திருந்தான்.

உரத்தை இறக்கிவிட்டு அதே பாதையில் இறங்கினேன். வேறு பாதை இல்லை. முறிந்த கிளை வந்த இடத்தில் வண்டியைத் தள்ளி நிறுத்தி, கத்தியால் அந்த முனையை வெட்டி எறிந்தேன். கேஸ் போட்டால் போடட்டும் என்று தோன்றியது. வெட்டும் சத்தம் கேட்டு அவன் மறுபடியும் கூப்பிட்டான். நான் கத்தியைச் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

வீட்டில் தோலை உரித்தேன். அவன் வாளிப் பாலும் அதன் மேல் காய்ந்து, இடது கதவில் தோல் கனமாக இருந்தது. உறைந்த கறையும், அவன் சட்டை நூலும், எல்லாம் அதோடு வந்தது. சாக்கில் போட்டேன். மறுநாள் ஒட்டுப்பால் போய்விட்டது.

அவனைக் கண்டெடுத்தது ஷிஜின். சாயங்காலம் மேலே போனவன், ஓடையில் வாளி கிடப்பதைப் பார்த்து இறங்கியிருக்கிறான். தோளில் தூக்கி, தன் ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறான். மத்தியானம்வரை உயிர் இருந்திருக்கும், முன்னமே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் எதை வேண்டுமானாலும் சொல்வார்கள். போலீஸ்காரர்கள் அந்தப் பாதையில் ஓடுகிற வண்டிகளைப் பார்த்தார்கள். ஷிஜின் ஜீப்பில் கீறல், சொட்டை, காய்ந்த ரப்பர்ப் பால், உள்ளே ரத்தம். என் ஜீப்பையும் பார்த்தார்கள். இப்படியல்லவா வண்டி வைத்திருக்க வேண்டும் என்றார் ஒரு ஏட்டு. இடித்தவனே பயந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான் என்று ஷிஜினைக் கொண்டு போனார்கள். ஊரும் நம்பியது. வேண்டாத காரியத்தில் தானாகப் போய்த் தலையைக் கொடுக்கிறவனை நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் முருகதாஸின் மனைவி செல்லத்தாய் வந்தாள். பால் வெட்டுகிற கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தாள்.

"பாட்டா, அன்னைக்குள்ள பால் முழுக்கப் போச்சு. அவரு வேணும்னு கொட்டல்ல. முன்ன நீங்க ஏசினதுல இருந்து அவரு சொல்லிட்டே கெடந்தாரு, இனி ஒரு துளி சிந்தாதுன்னு. நீங்க மனசுல வச்சுக்கிடப்பிடாது."

"போட்டும் பிள்ளே" என்றேன். அவள் போன பிறகு சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தேன். இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை.

ஆகையால் ஸ்டேஷனுக்குப் போனேன். ஜீப்பிலேயே போனேன். அதுதான் முறை என்று பட்டது. இன்ஸ்பெக்டர் நல்ல வயசுப் பையன், உட்காரச் சொன்னார்.

"முருகதாச இடிச்சது நானாக்கும்" என்றேன். "ஷிஜின விட்டுருங்க."

அவர் எழுந்து வெளியே வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். எட்சன் பார்ப்பது போலவே பார்த்தார். நான் ஓரமாக நின்றேன்.

"அந்தப் பாதையில ஒரு ஆளை இடிச்சு, ஒரு கீறல்கூட இல்லாம எப்படி பாட்டா வண்டி இருக்கும்?"

"நான் பாத்து ஓட்டுவேன்" என்றேன்.

ஏட்டு சிரித்துவிட்டார். "சபையில எல்லாரும் இருந்து பேசிட்டு அனுப்பியிருக்காவ சார். வயசான ஆளுக்கு ஜாமீன் லேசா கெடைக்கும்லா. பாட்டா, பைய வீட்டுக்குப் போவும். சின்னப் பயலுக்காவேண்டிப் பொய் சொல்லி, இந்த வயசுல எதுக்குக் கஷ்டப்படுதீரு?"

"பொய் இல்ல."

"சரி. போயிட்டு வாரும்."

வாசலில் ஷிஜினின் மனைவி பிரீனா சோற்றுத் தூக்குடன் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"பாட்டா, அவருக்காவேண்டிச் சொல்லவா வந்தியோ?"

"சொன்னேன் பிள்ளே."

"எந்தா சொன்னாவ?"

"நம்பல்ல."

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஊருல ஒருத்தரும் வரல்ல பாட்டா. நீங்க ஒருத்தராவது வந்தியளே. கர்த்தர் உங்களுக்குக் குறை வைக்கமாட்டாரு."

கையை உருவிக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தேன். பின்னாலிருந்து இன்னும் ஏதோ கேட்டாள், நான் திரும்பவில்லை. உள்ளதைச் சொல்லியாகிவிட்டது. நம்பாதது அவர்கள் பாடு. அந்த ஏற்றத்தில் யார் ஓட்டியிருந்தாலும் இடது பக்கம்தான் ஒடித்திருப்பார்கள். கதவில் என்ன பூசுவேன், எதை உரித்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.