எல்லையில் பெண்ணழைப்பு

பிலிப்ராஜ்: நீங்க இன்னா வேணா சொல்லுங்க சம்பந்தி, ஒரு அடி நகர மாட்டேன். எங்க தொண்டை நாடு அந்தப் பாறையோட முடிஞ்சுபோச்சு. அதுக்கு இந்தாண்ட எல்லாம் உங்க நடு நாடு.

சந்தியாகு: எங்களுக்கு எதுக்குங்க அவ்ளோ பெரிய நாடு? கீழ ஓடை வரைக்கும் உங்க நாடுதான். தாராளமா வெச்சுக்குங்க.

பிலிப்ராஜ்: வெச்சுக்கினா ஓடை வரைக்கும் நான் எறங்கி வரணும்.

சந்தியாகு: ஆமா. மாப்ள வூட்டார் நாட்டு எல்லை வரைக்கும் வந்து பொண்ண அழைச்சினு போவணும். பேச்சே அதான்.

பிலிப்ராஜ்: பொண்ணு வூட்டாரும் எல்லை வரைக்கும் பொண்ண இட்டுனு வந்து வுடணும். அதுவும் பேச்சுதான். செங்கத்துலேர்ந்து இவ்ளோ மலை ஏறினவரு, இன்னும் கொஞ்சம் ஏறிப் பாறையாண்ட வந்தா காலு தேஞ்சுபோவுமா?

சந்தியாகு: ஆலங்காயத்துலேர்ந்து வந்தவருக்கு ஓடைக்கு எறங்கினா தேயுமா? எறக்கந்தானே.

பிலிப்ராஜ்: காலு தேயாது. மானம் தேயும்.

சந்தியாகு: நேத்து சாயங்காலத்துலேர்ந்து உங்க கூட்டம் பாறையாண்ட, எங்க கூட்டம் ஓடையாண்ட, நடுவுல நாம ரெண்டு பேரு. ராத்திரியெல்லாம் பனியில கெடந்தாச்சு. ஊரு உலகத்துல அவனவன் அந்தத் தாலுக்கா எங்களுக்கு வேணும், இந்த ஊரு எங்களுக்கு வேணும்னு ரயில மறிக்கிறான். நாம ரெண்டு பேரு மட்டுந்தான் இந்தா புடி, இந்தா புடின்னு ஒருத்தர் தலையில ஒருத்தர் கட்டறோம்.

பிலிப்ராஜ்: அதான் பெரிய மனுசத்தனம். வாங்கிக்குங்க.

சந்தியாகு: பாறைதான் எல்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னது?

பிலிப்ராஜ்: எங்க வாத்தியார் பலகையில கோடு போட்டுக் காட்டினாரு.

சந்தியாகு: எங்க வாத்தியாரும்தான் போட்டாரு. அவருக்குக் கோடு ஓடைமேல போச்சு.

பிலிப்ராஜ்: உங்க வாத்தியாருக்குக் கை நடுக்கம்.

சந்தியாகு: உங்க வாத்தியாருக்குக் கண்ணே... சரி வுடுங்க. பேச்ச வெச்சுப் பாப்போம். 'இன்னா'ன்னு சொல்றவன் தொண்டை நாடு. உண்டா இல்லியா?

பிலிப்ராஜ்: உண்டு.

சந்தியாகு: நான் சொல்றேன் கேட்டுக்குங்க. இன்னா. இன்னா. இன்னாங்கறேன். முடிஞ்சுதா? நான் நிக்கிற எடமே உங்க நாடு. எறங்குங்க.

பிலிப்ராஜ்: அப்படி வரீங்களா... நானும் இனிமே 'என்ன'ன்னுதான் பேசுவேன். என்ன சம்பந்தி, என்ன சேதி? என்ன, சௌக்கியமா?

சந்தியாகு: வாய் கோணிக்கப் போவுது.

பிலிப்ராஜ்: கோணட்டும்.

சந்தியாகு: இந்த எல்லைச் சண்டையிலதான் கல்யாணம் ரெண்டு வாட்டி தள்ளிப்போச்சு. இதுவும் நின்னா நான் ஊருல தலை காட்ட முடியாது... அது கெடக்குது. மாப்ளய கொஞ்சம் எழுந்து நிக்கச் சொல்லுங்க. காலையிலேர்ந்து குடைக்கடியிலயே குந்தினுகீறாரு. மூஞ்சியே தெரியல.

பிலிப்ராஜ்: அவனுக்கு... கூச்சம். நீங்க பொண்ணோட முக்காட்ட எடுக்கச் சொல்லுங்களேன்.

சந்தியாகு: பொண்ணுக்குச் சளி.

பிலிப்ராஜ்: நிச்சயத்துல பாத்ததுக்கு இப்ப ஒடம்பு போட்டாப்புல கீதே.

சந்தியாகு: கல்யாணப் பூரிப்பு. மாப்ளக்குக்கூட தொப்பை தெரியுது.

பிலிப்ராஜ்: அது வேட்டிக் கட்டு.

சந்தியாகு: ஓஹோ.

பிலிப்ராஜ்: கறிக்கொழம்பு ஆறிப்போவுது. எங்க பெரியவங்க வேற, ஒரு நடை நீயே எறங்கிப் போயேண்டான்றாங்க. வேணும்னா... வரேன்.

சந்தியாகு: எங்க?

பிலிப்ராஜ்: ஓடைக்கு.

சந்தியாகு: வேணாம்.

பிலிப்ராஜ்: நீங்கதானே வா வான்னீங்க?

சந்தியாகு: அப்ப சொன்னேன். இப்ப யோசிச்சுப் பாக்கறேன்... ஓடை எங்க நடு நாடு. பாட்டன் முப்பாட்டன் ஆண்ட எடம். யாரும் கால் வெக்கக் கூடாது.

பிலிப்ராஜ்: தாராளமா வெச்சுக்குங்கன்னு சொன்ன வாயி...

சந்தியாகு: குடுத்தத திருப்பி வாங்கிக்கினேன். வேணும்னா நானே பாறைக்கு வரேன்.

பிலிப்ராஜ்: பாறைக்கா...

சந்தியாகு: பாறைக்குத்தான். மாப்ளயயும் ஒரு பார்வை பாத்துக்கறேன்.

பிலிப்ராஜ்: பாறை எங்களது. சுத்தமான தொண்டை நாடு. உசிரு போனாலும் வுட்டுக் குடுக்க மாட்டோம்.

கருப்பன்: யாருங்க அது, சாமைக் கொல்லையில நின்னுனு?

சந்தியாகு: நாங்க எல்லையில நிக்கிறோம்.

கருப்பன்: எல்லையும் இல்ல ஒண்ணும் இல்ல. என் பயிருமேல நிக்கிறீங்க. வரப்புக்கு வாங்க.

பிலிப்ராஜ்: நீ யாருப்பா?

கருப்பன்: கருப்பன். கொல்லை என்னுது. அதோ மேட்டுல கீதே சின்ன மாதா கோயிலு, அதுக்கு மணி அடிக்கிறதும் நாந்தான். சாமியார் அனுப்பினாரு. விடிகாலையில ஒரு பொண்ணும் ஒரு பையனும் வந்து, எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைங்கன்னு குந்தினுகீறாங்க. எந்த ஊருன்னு கேட்டா வாயத் தொறக்கல. கொல்லையாண்ட ரெண்டு கூட்டம் நிக்குதே, யாரு புள்ளைங்கனா காணாமப் போச்சான்னு கேட்டுனு வரச் சொன்னாரு.

சந்தியாகு: எங்க கூட்டத்துல யாரும் கொறையலப்பா.

பிலிப்ராஜ்: எங்க பக்கமும் முழுசா கீறாங்க.

கருப்பன்: சரி, அப்ப நான் போறேன்.

சந்தியாகு: கருப்பா... சும்மா கேக்கறேன். அந்தப் பொண்ணு என்ன கலரு பொடவை?

கருப்பன்: பச்ச.

சந்தியாகு: பச்சையா... நல்ல கலரு.

பிலிப்ராஜ்: நானும் சும்மாதான் கேக்கறேன். அந்தப் பையனுக்குச் செருப்பு வாரு அறுந்திருக்குதா?

கருப்பன்: செருப்பக் கையில வெச்சினுகீறான்.

பிலிப்ராஜ்: வாரு அறுந்தா கையிலதான் வெச்சுக்கணும்...

கருப்பன்: பெத்தவங்க யாருன்னு சாமியார் நோண்டி நோண்டிக் கேட்டாரு. பையன் பேசல. அந்தப் பொண்ணுதான், எங்க ரெண்டு பேருக்குமே அப்பன் கெடையாதுன்னுச்சு. சொல்லிட்டு ஒரே அழுகை.

சந்தியாகு: அப்பன் கெடையாதுன்னா சொல்லிச்சு?

கருப்பன்: அப்படித்தான் சொல்லிச்சு. கேக்க ஆளில்லாத புள்ளைங்களுக்கு நான் எப்படிக் கட்டி வெப்பேன், பொழுது சாயறதுக்குள்ள ஆளுக்கொரு பக்கம் திருப்பி அனுப்பிடுவேன்னு சாமியார் சொல்லிட்டாரு. யாரும் வரலன்னு போய்ச் சொல்லிடறேன்.

சந்தியாகு: நில்லுப்பா... நில்லு. சம்பந்தி, நீங்க என்ன நெனச்சாலும் சரி. அது என் பொண்ணு. என் ஜோசபினு.

பிலிப்ராஜ்: சம்பந்தி...

சந்தியாகு: நம்ம எல்லைச் சண்டையப் பாத்து வெறுத்துப்போயிருக்கும். கோழி கூவறதுக்கு முன்னால எழுந்து பாத்தா பாய் காலி. உங்களுக்குத் தெரிஞ்சா அப்படியே திரும்பிப் போய்டுவீங்க. அதான் எல்லை எல்லைன்னு பொழுத ஓட்டினேன். பாறையும் உங்களுது, ஓடையும் உங்களுது, செங்கம் வரைக்கும் எடுத்துக்குங்க. எனக்கு அது வந்து அப்பான்னு கூப்ட்டா போதும்.

கருப்பன்: அப்ப ஓடையாண்ட முக்காடு போட்டுனு குந்தினுகீறது யாரு?

சந்தியாகு: என் சம்சாரம். தெரசம்மா.

பிலிப்ராஜ்: அழாதீங்க சம்பந்தி, கண்ணத் தொடச்சினு வாங்க, ரெண்டு பேருமா கோயிலுக்குப் போவலாம்... அதுக்கு முன்னால ஒண்ணு. உங்க சம்சாரத்துக்கு மாலை போடறதுக்குக் குடைக்கடியில காத்துனுகீறது என் பையன் இல்ல, என் மச்சான்.