வலது தோள்

நிலாணி: சிரியாதையுங்கோ! உடம்பு ஆடுது.

பிரியந்தன்: கூசுதப்பா... நிலமும் குளிருது.

நிலாணி: ஜப்பானிலையும் நிலத்திலைதான் படுக்க வைக்கிறவை. பேசாமக் கிடவுங்கோ.

பிரியந்தன்: பேசாமக் கிடந்தால் நாளைச் சோதினைக்கு உமக்கு ஆர் கேள்வி கேக்கிறது? சொல்லும், உந்த ஷியாற்சு எண்ட விரல் வைத்தியம் எப்பிடித் துடங்கினது?

நிலாணி: முதல்ல அன்மா எண்டு ஒரு உருவிப் பிடிக்கிற வைத்தியம். கனகாலமாக் கண் தெரியாத ஆக்கள்தான் அதிலை கெட்டிக்காரர். பிறகு...

பிரியந்தன்: பிறகு அந்தப் பொடியன் வந்தான்!

நிலாணி: குறுக்கை விழாதையுங்கோ. ஏழு வயசுப் பொடியன். தாய்க்கு மூட்டெல்லாம் நோ. இஞ்சை ரொறன்ரோ மாதிரிப் பனி கொட்டுற ஊர், டொக்டரும் இல்லை. பெருவிரலாலை அமத்தி அமத்திப் பாத்தானாம். விறைச்ச இடம், குளிர்ந்த இடம்... கை தானாக் கண்டுபிடிச்சிது.

பிரியந்தன்: தாய்க்குச் சுகமாச்சே?

நிலாணி: ஓம். வளந்து இதுக்கெண்டு பள்ளிக்கூடமே துடங்கினவர். அறுபதுகளிலை அரசாங்கமும் இது வேற, அன்மா வேற எண்டு ஒத்துக்கொண்டிட்டுது.

பிரியந்தன்: பக்கத்து வீட்டுச் சிவபாதம் அண்ணைதான் இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை. "பிரியந்தன்ர மனிசி வெள்ளைக்காரற்றை முதுகு பிடிக்கப் படிக்கிறா" எண்டு எங்கட வோபர்ன் பக்கம் முழுக்கச் சொல்லித் திரியிறார்.

நிலாணி: அவருக்கு இடுப்புப் பிடிக்கட்டும், தானா வருவார்! சரி, இனி வாய் திறக்கக் கூடாது. நாளைக்கு வந்து படுக்கிற ஆள் ஒண்டும் சொல்லாதாம். நோவுற இடத்தை நான் கையாலையே கண்டுபிடிக்க வேணும்.

பிரியந்தன்: ஐயோ... நான் சொல்லுறனே. வலது தோள்...

நிலாணி: சொல்ல வேண்டாம் எண்டனெல்லோ! ம்... தோளிலை ஒண்டுமில்லை. கழுத்து... இல்லை. முதுகு பஞ்சு மாதிரிக் கிடக்கு.

பிரியந்தன்: வடிவாப் பாரும்.

நிலாணி: பாத்திட்டன். ஒண்டும் பிடிபடேல்லை. நான் நாளைக்குப் போகேல்லை.

பிரியந்தன்: இஞ்சரும், பகிடி விடாதையும்...

நிலாணி: மாரி முழுக்க நோ, நோ எண்டு கத்தின உடம்பிலையே கண்டுபிடிக்கத் தெரியேல்லை. எனக்கென்ன சோதினை?

பிரியந்தன்: நில்லும், நில்லும்! உம்மட கை சரி. எனக்கு... நோவே இல்லை.

நிலாணி: என்ன?

பிரியந்தன்: ஒரு நாளும் இருக்கேல்லை. பழக ஆளில்லாமல் தலையணையை அமத்திக்கொண்டிருந்தனீர்... பாக்கப் பாவமாக் கிடந்துது.

நிலாணி: அப்பாடா, ஒரு மாதிரிச் சொல்லிப்போட்டியள்!

பிரியந்தன்: அடி... உமக்குத் தெரியுமே?

நிலாணி: முதல் கிழமையே கை சொல்லிப்போட்டுது.

பிரியந்தன்: அப்ப ஏன் மாரி முழுக்க என்னைப் போட்டு அமத்தினனீர்?

நிலாணி: வேலையாலை வந்தால் நீங்கள் வீடியோ டெக்கும் படமும்தானே. இதிலை படுத்தால்தான் என்னோடை கதைக்கிறனீங்கள்... திரும்பிப் படுங்கோ. இடது தோளும் நோகுதெல்லோ?