நகலில் ஒரு வரி

இன்ஸ்பெக்டர் சார், உங்கள் ஸ்டேஷனில் இந்த மின்விசிறி ஆடுகிறதே, ஒரு திருகை முடுக்கினால் சரியாகிவிடும். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

என் பிழைப்பே அப்படிப் பார்ப்பதுதான். ஆஸ்பத்திரியின் நோயாளிகள் விவரம் முழுக்க ஒரு சர்வரில் இருக்கும். அது படுத்துவிட்டால் கைகொடுக்க, அதன் நகலாக இன்னொன்று காத்திருக்கும். நகல் அசலோடு ஒத்துப்போகிறதா என்று சோதிப்பவன் நான். மேலாளருக்கோ, இரண்டிலும் பதிவுகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் போதும். உள்ளே இருப்பதை வரிவரியாக ஒப்பிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "எண்ணிக்கை சரியா இருக்குல்ல? அப்புறம் எதுக்குப்பா நோண்டிக்கிட்டே இருக்க?" என்று கூட்டத்தில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குச் சந்தேகப் பேர்வழி என்று பெயர்.

வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் நான் செய்தது பழிவாங்கல் அல்ல, நிரூபணம். நகலுக்குள் போய் ஒரே ஒரு பதிவை மாற்றினேன். மேலாளரின் மனைவிக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பை அழித்து, ஒவ்வாமை எதுவும் இல்லை என்று எழுதினேன். வேறு யாருடையதை மாற்றினாலும் அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டு ஆள் என்றால், ஒருமுறை திறந்து பார்த்தாலே பிடிபட்டிருக்கும். அந்த வாய்ப்பைக் கொடுத்தேன். எண்ணிக்கை மாறாததால், நகல் சரியாக இருக்கிறது என்று அவர் வாராவாரம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

மேலாளரின் மனைவியை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். நல்லவர். மேலாளருக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பும்போது எனக்கும் ஒரு டப்பா வரும்.

படியில் தவறி விழுந்து, நினைவில்லாமல் அண்ணியைக் கொண்டுவந்தபோது மேலாளர் வெளியூரில் இருந்தார். எனக்குத்தான் போன் செய்தார். அழுகிறார் என்று தெரிந்தது.

"நான் வந்து சேர நேரமாகும். அங்க நம்ம ஆளுன்னு நீதான் இருக்க. அண்ணியப் பாத்துக்கப்பா."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அசல் சர்வரை நிறுத்தினேன். நகல் உடனே கைகொடுத்தது, ஒரு தடங்கலும் இல்லை. மருத்துவர் திரையைப் பார்த்துவிட்டு, காயத்துக்குப் பென்சிலின் ஊசி போடச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சந்தேகப் பேர்வழி மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்றுதான் சிரித்திருப்பார்கள்.

இப்போது வரிவரியாக ஒப்பிடுகிறார்களாம். முதலிலேயே செய்திருந்தால் அண்ணி உயிரோடு இருந்திருப்பார். இதை மேலாளரிடம் நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார்.